அதிகாரிக்குப் போர்த்திய பொன்னாடை

நெசவாளர் சங்கச் செயலாளர் மாணிக்கவேலுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. கப்பலில் வந்து இறங்கும் போலிப் பட்டு காஞ்சிப்பட்டு என்ற பெயரில் விற்கிறது. அவனுடைய தறி இரண்டு மாதமாகச் சும்மா கிடக்கிறது. அந்தத் துணியைத் துறைமுகத்திலேயே சோதித்து வரி போடச் சொல்லி மனு எழுதியாயிற்று. அதை வாங்கிக்கொள்ள இன்று சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். அவர் மேலே எழுதினால்தான் உண்டு.

மைக் செட், நாற்காலி, குத்துவிளக்கு என்று பெரிய காஞ்சிபுரம் முழுக்க ஓடினான். நடுவில் ஒரு கடையில் பொன்னாடை கேட்டு, கவரோடு கொடுத்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டு நெய்கிற இந்த ஊரில் பொன்னாடையை எவன் துணியாக நினைக்கிறான்? அது மேடைச் சாமான், அவ்வளவுதான்.

மேடையில் பிரித்து விரித்தபோதுதான் விரலுக்குத் தெரிந்தது. வழவழப்பு, கனமே இல்லை. மனுவில் திட்டியிருந்த அதே துணி! அதற்குள் கை அதை அதிகாரியின் தோளில் போர்த்திவிட்டது, கூட்டமும் கைதட்டிவிட்டது.

அதிகாரி ஓரத்தைத் தடவிப் பூரித்துப்போனார். "என்ன இருந்தாலும் காஞ்சிப்பட்டு காஞ்சிப்பட்டுதான்!"

சங்கத் தலைவர் ராஜகோபாலுக்கும் புரிந்துவிட்டது. மாணிக்கவேலின் காதோரம் குனிந்தார். "வாயத் தொறக்காதப்பா. மனுவக் குடுத்து அனுப்பிச்சிடலாம்."

மாணிக்கவேல் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். அதிகாரியே ஏமாந்து போனால் மேலே எதை எழுதப் போகிறார்? அவமானம் பிடுங்கித் தின்றது. மைக்கைப் பிடித்துவிட்டான்.

"சார், அது பட்டு இல்ல. நாங்க வேணாம்னு சொல்ற துணிதான் அது. நான்தான் பாக்காம வாங்கியாந்துட்டேன்."

ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் குத்துவிளக்கில் காட்டினான். பட்டாக இருந்தால் மயிர் கருகும் நாற்றத்தோடு பொடிந்து போயிருக்கும். இது உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது.

அதிகாரி முகம் சிவந்து பொன்னாடையைக் கழற்றி மேசையில் போட்டார். "நெசவு நெய்யற நீங்களே பாக்காம வாங்கியிருக்கீங்க. துறைமுகத்துல இருக்கறவங்கள எப்படிக் குத்தம் சொல்றது?"

ராஜகோபால் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"குத்தம் சொல்லல சார்." மாணிக்கவேல் மைக்கை விடவில்லை. "தொட்டதும் எனக்குத் தெரிஞ்சிடிச்சி. அங்க தொட்டுப் பாக்க ஒரு ஆளப் போடுங்கன்னுதான் கேக்கறோம்."

"துணியத் தொட்டே சொல்ற ஆளுக்கு நான் எங்க போறது?"

மாணிக்கவேல் எதிரே நிறைந்திருந்த நாற்காலிகளைக் காட்டினான்.

"இத்தன பேரும் வேலயில்லாமத்தான் சார் உக்காந்துக்கினு இருக்காங்க."