வெயிட்லெஸ் பட்டு

பவித்ரா தரையிலிருந்து நாலடி உயரத்தில் நின்றது போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழே காலுக்கு. பூசிமலைக்குப்பம் மாளிகை வாசலில் நிச்சயதார்த்தப் போட்டோ எடுக்கப் போன இடத்தில், அலங்காரத்துக்கு வந்த சிவசங்கரி கொசுவத்தைச் சரிசெய்துவிட்டுக் கையை எடுத்ததும், பெண் சத்தமில்லாமல் மேலே போய் நின்றுகொண்டாள். அன்று காற்றுகூட இல்லை.

குற்றம் சொல்வதென்றால் பெண்ணின் அப்பா தணிகாசலத்தைத்தான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா புஷ்பலதா வந்தவாசியிலிருந்து போன் போட்டு, "பொடவை வெயிட்லெஸ்ஸா இருக்கணுங்க" என்றிருந்தார். ஆரணிக் கடைகளில் அந்த வார்த்தைக்கு, நானூறு கிராமுக்குள் நிற்கும் பட்டு என்று அர்த்தம். தணிகாசலம் தறியை விட்டால் கோயில், கோயிலை விட்டால் தறி என்று இருப்பவர். சம்பந்தி சொன்ன சொல் பிசகக் கூடாதென்று இருபத்தோரு நாள் உட்கார்ந்து, எடையே இல்லாமல் நெய்துவிட்டார். தராசு முள் அசையாததைப் பார்த்து, தராசு ரிப்பேர் என்று நினைத்தார். அப்படி ஒரு வெகுளி.

சிவசங்கரிக்கு அன்று வாழ்வா சாவா. செய்யார் கம்பெனியில் எட்டு வருஷம் ஷூவுக்குப் பசை தடவியவள், அதை விட்டுவிட்டு ஜோடிகளுக்கு அலங்காரம் செய்யும் தொழிலுக்கு வந்திருந்தாள். இந்தப் போட்டோ சரியாக வந்தால் தொழில். சொதப்பினால் திங்கட்கிழமை மறுபடி கம்பெனி பஸ். வீட்டில் பேச்சு அப்படித்தான் முடிந்திருந்தது.

போட்டோகிராபர் துரை அண்ணாந்து பார்த்து லென்ஸை மாற்றினான். மாப்பிள்ளை இளஞ்செழியன் கீழே கழுத்து வலிக்க நின்றான். பெண்ணைப் பிடித்து இழுத்தால் இறங்கினாள், விட்டால் ஏறினாள். புஷ்பலதாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா இது? பொண்ணு மேல, புள்ள கீழ. ரெண்டு பேரும் ஒண்ணா வரலன்னா இது இன்னா நிச்சயதார்த்த போட்டோ? ஜல்தியா எறக்கி, வாடகைக்கு எட்த்தாந்த கவுனை மாட்டு."

"எங்கப்பா நெய்ஞ்சதுங்க அத்தை, நான் மாத்த மாட்டேன்" என்றாள் பவித்ரா, மேலேயிருந்து.

முந்தானையை மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தோடு முடிச்சுப் போட்டால் பையனும் ஏறிவிடுவான். ஆனால் தாலிக்கு முன்னால் முடிச்சுப் போடக் கூடாது. சிவசங்கரி வாயைத் திறக்கும் முன்பே புஷ்பலதா அதைச் சொல்லிவிட்டார். அப்போதுதான் அவளுக்கு விரல் பரபரத்தது. அவள் பாவு பிணைக்கிற வீட்டில் பிறந்தவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது அதன் நுனி இழையோடு புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு விரலால் திரித்துவிடுவார்கள். அதில் முடிச்சே கிடையாது, ஆனால் பிரியாது. பக்கத்து டீக்கடை அடுப்பில் சாம்பல் கிடைத்தது.

"முடிச்சு இல்லீங்க. பிணைக்கிறேன், அவ்ளோதான்."

ஸ்டூல் மேல் ஏறி, முந்தானைக் குஞ்சத்தையும் அங்கவஸ்திரக் குஞ்சத்தையும் இழை இழையாகத் திரித்தாள். நாற்பது நிமிஷம் ஆனது. கடைசி இழை சேர்ந்ததும் மாப்பிள்ளை செருப்பைக் கீழே விட்டுவிட்டு மேலே போனான்.

அவன் பக்கத்தில் வந்ததும் பவித்ரா சிரித்தாளே ஒரு சிரிப்பு, அதற்கு எத்தனை பாடும் படலாம். துரை நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தான், ஒன்றுகூட வீணில்லை. கூட வந்திருந்த தணிகாசலம் அழுதேவிட்டார். புஷ்பலதா கீழே நின்று, "வேட்டிய இழுத்து வுடுடா" என்று மகனை அதட்டியதோடு சரி, கவுன் பேச்சை எடுக்கவில்லை. இட்லி ஆறுகிறது என்று கூப்பிட்டதும், சிவசங்கரி கொசுவத்தைத் தளர்த்தி இருவரையும் இறக்கினாள்.

ஆவணிக்குள் முப்பத்தெட்டு ஜோடி அவளிடம் வந்தார்கள். தணிகாசலம் இப்போது நான்கு தறி போட்டிருக்கிறார். தேவிகாபுரத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். தலைக்கு மேல் கரண்டு கம்பி போகிற இடம் வேண்டாம் என்பதைத் தவிர அவளிடம் வேறு நிபந்தனை இல்லை. போன வாரம் புஷ்பலதாவே புருஷனை அழைத்துக்கொண்டு வந்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லையாம். எத்தனை அடி வேண்டும் என்று சிவசங்கரி கேட்டாள்.

"இவுருக்கு ஒசரம்னா தலை சுத்தும்" என்றார் புஷ்பலதா. "ஒரு பத்தடி போதும்."