எண்ணூறு அடிக் குழி

மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றால் மற்றவர்கள் பழைய சேலையைத் துவைத்து மடித்து வைப்பார்கள், கைமருந்துச் சாமான் வாங்கிப் போடுவார்கள். சின்னுசாமி வீட்டையே புரட்டிப் போட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் பலரைப் போல அவரும் ரிக் வண்டியோடு போனவர். இருபத்தாறு வருடம் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். மகள் தனப்பிரியா பிறந்தபோது மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு பருத்திக் காட்டில் பாறையைக் குடைந்துகொண்டிருந்தார். அவள் பெரியவளானது, பள்ளியில் பரிசு வாங்கியது எல்லாம் அவருக்குப் போனில் வந்த செய்திதான். கல்யாணத்துக்கே மூன்று நாள் முன்னால்தான் வந்து இறங்கினார். பேரப்பிள்ளை பிறக்கும்போதாவது வீட்டில் இருப்போம் என்று இந்த ஆனி மாதம் மூட்டை முடிச்சோடு வந்துவிட்டார். வந்த மனிதர் சும்மா இருந்தாரா? ரிக்கில் நின்று பழகியவருக்குக் கை ஓயாது. எதையாவது துளைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் ஜன்னலுக்கெல்லாம் கொசு வலை. அப்புறம் மகள் படுக்கும் அறைக்குப் புது ஃபேன், இன்வெர்ட்டர், வழுக்காத டைல்ஸ். வாசற்படியில் பிடித்து ஏறக் கைப்பிடிக் கம்பி.

"ஏனுங்க, இன்னும் எந்தச் சுவரு பாக்கி இருக்குதுங்க?" என்று மனைவி சித்ரா அலுத்துக்கொண்டாள். அலுப்பெல்லாம் வாயோடு சரி. பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் கம்பியை ஆட்டி ஆட்டிக் காட்டியவளும் அவள்தான்.

மகள் கேட்டு அவர் வாங்காதது ஒன்றே ஒன்று. "தண்ணி சுத்தம் பண்ற மெஷின் ஒன்னு மாட்டிருங்கப்பா" என்று போனில் சொன்னாள். சின்னுசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ற போர்த் தண்ணிக்கு மெஷினா கண்ணு? எளநியாட்ட இருக்குது. நீ வந்து குடிச்சுப் பாரு" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மகள் அறையை ஒட்டி ஒரு பாத்ரூம். பழைய கக்கூஸ் தோட்டத்துக் கோடியில் இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி மழைச் சேற்றில் அவ்வளவு தூரம் நடப்பாளா? சுவர் எழும்பியது, கோப்பை பதித்தார்கள், சுடுதண்ணீர் ஹீட்டரும் ஏறியது. கழிவு போகக் குழி தோண்டும்போதுதான் சிக்கல். இரண்டடியிலேயே பாறை கடப்பாரையை எதிர்த்து நின்றது.

"வெடி வெக்க முடியாதுங்க, ஊடு பக்கத்துல இருக்குது. கம்ப்ரசர் கொண்டாந்து ஒடைக்கோணும். பத்து நாளாயிரும்" என்றார் மேஸ்திரி மதியழகன்.

ஏழாம் மாதக் கட்டுச்சோறு விருந்துக்கு இருந்ததே ஆறு நாள்தான். விருந்து முடிந்த கையோடு மகளை அழைத்து வந்தாக வேண்டும். சின்னுசாமி தோட்டத்தைச் சுற்றும் முற்றும் பார்த்தார். வேப்பமரத்தடியில், வாயில் ஒரு தட்டைக்கல் மூடிய பழைய போர் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் வற்றிப்போனது. அதற்கு நாற்பதடி தள்ளித்தான் இப்போது தண்ணீர் தரும் புதுப் போர்.

"எண்ணூறு அடிக் குழிய கையில வெச்சுக்கிட்டு ஆறடிக் குழிக்கு அழுவாங்களா? பைப்ப அதுக்குள்ள உடுய்யா. நம்ம பேரன் காலத்துக்கும் ரொம்பாது" என்றார்.

மதியழகன் தயங்கினார். "கீழ தண்ணியில கலந்துருமுங்களே?"

"காஞ்ச போர்ல ஏதுய்யா தண்ணி? பூமிக்கடியில என்ன இருக்குதுன்னு எனக்கு நீ சொல்றியா?"

எல்லாம் தெரிந்தவரிடம் அதற்கு மேல் யார் வாய் கொடுப்பார்கள்? பைப் அன்றைக்கே இறங்கிவிட்டது. மறுநாளிலிருந்து சின்னுசாமியும் தோட்டத்துக் கோடிக்குப் போவதை விட்டுப் புதுப் பாத்ரூமுக்கே போனார். வந்தவர்கள் எல்லாரும் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். இப்படி ஒரு யோசனை நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இரண்டு பேர் வருத்தப்படவும் செய்தார்கள்.

தனப்பிரியா வந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறினாள், பாத்ரூமைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். "எனக்கோசரம் இத்தனை பண்ணுனீங்களாப்பா" என்று கேட்டபோது சின்னுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருடத்துக் கடனை அடைத்துவிட்ட மாதிரி அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார். காலையும் மாலையும் புதுப் போர்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்து அவர் கையாலேயே மகளுக்குக் கொடுத்தார். அவளுக்கும் அந்த ருசி பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாப்பிள்ளை நந்தகுமார் வருவான். சேலத்தில் ரயில்வே வேலை, சூரமங்கலத்தில் குவார்ட்டர்ஸ். மனைவி ஆசைப்பட்டாள் என்று அங்கே ஒரு தள்ளுவண்டியில் பானிபூரி கட்டிக்கொண்டு வருவான். புளித்தண்ணீரைத் தனியாகப் பாட்டிலில் ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் பஸ்ஸில் மடியில் வைத்தபடி கொண்டுவருவான்.

இரண்டு மாதம் ஓடியது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மசக்கை திரும்பிவிட்டதோ என்று சித்ரா கேலி பேசினாள். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாக இருந்தது. ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நந்தகுமாரும் ஓடி வந்தான். மறுநாள் முற்பகல் பேச்சுக் குழறியது, பெற்ற தாயைப் பார்த்து யாரென்று கேட்டாள். அவசரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"கல்லீரல் ரொம்பப் பாதிச்சிருக்கு. கர்ப்பிணிக்கு இந்த மஞ்சள் காமாலை வந்தா ரொம்ப ஆபத்து. அம்மா, குழந்தை, ரெண்டு பேரைப் பத்தியும் இப்ப எதுவும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தபடி கேட்டார். "வீட்ல யாருக்காவது சமீபத்துல காமாலை இருந்துச்சா?"

"எனக்குத்தானுங்க" என்றார் சின்னுசாமி. "ரிக்குல இருக்கும்போது வந்துச்சுங்க. ஆனியில ஊருக்கு வந்து கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன், கேட்டுருச்சு."

"இது மலத்துல வெளியாகிற கிருமி. அது குடிக்கிற தண்ணியில கலந்தாத்தான் அடுத்தவங்களுக்கு வரும். உங்க வீட்டுக் கழிவுத் தண்ணி எங்கே போகுது?"

சின்னுசாமி வாயைத் திறந்தார்.

அந்த நிமிஷம் அவர் கண் முன்னால் ஆஸ்பத்திரி இல்லை. புதுப் போர் போட்ட நாள்தான் இருந்தது. சொந்த வீடு என்று ரிக் நெம்புகோலை அவரே பிடித்திருந்தார். முந்நூற்று இருபது அடி இறங்கியபோது, நாற்பதடி தள்ளியிருந்த பழைய போரின் வாயிலிருந்து வெள்ளைப் பாறைப் பொடி புஸ்ஸென்று கிளம்பி வேப்பமரத்தையே மறைத்தது. கம்ப்ரசர் காற்று கீழே ஒரு வெடிப்பைப் பிடித்து, இந்தக் குழியிலிருந்து அந்தக் குழிக்கு வந்து மேலே ஏறியிருந்தது. இரண்டும் அடியில் ஒன்றுதான். கூட்டாளிகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மதியழகன் கேட்ட அன்று அது ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை? வந்தது. காற்று வந்த வழி காற்றுக்குத்தான், காய்ந்த குழியில் விழுவது காய்ந்துபோகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். விருந்துக்கு ஆறு நாள்தானே இருந்தது.

தன் நோயைத் தானே குழாய் வைத்துப் பூமிக்குள் இறக்கி, தானே மோட்டார் போட்டு மேலேற்றி, சொம்பில் பிடித்து மகள் கையில் கொடுத்திருக்கிறார்.

அவர் பதில் சொல்வதற்குள் சித்ரா வெடித்தாள். "எங்கூட்டுத் தண்ணியில ஒன்னுமில்லீங்க டாக்டரம்மா. வாராவாரம் சூரமங்கலத்துல இருந்து பானிபூரி வந்துச்சுல்லொ, அந்தத் தண்ணிதானுங்க. ரோட்டோரத்துத் தண்ணிய வயித்துப் புள்ளைக்காரிக்குக் குடுக்கலாமுங்களா மாப்ள?"

டாக்டரை உள்ளே கூப்பிட்டார்கள். "அதுவா இருக்கலாம். வீட்டுத் தண்ணியையும் பரிசோதிக்கணும், யாரும் குடிக்காதீங்க" என்று சொல்லியபடியே கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

நந்தகுமார் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "நாந்தானுங்க மாமா. அவ வேண்டாம்னு சொன்ன அன்னிக்குங்கூட வாங்கிட்டு வந்தேன். என்ற கையாலயே கொன்னுபோட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

பேசாமல் இருந்துவிடலாம். சின்னுசாமிக்கு அந்த எண்ணம் வரத்தான் செய்தது. வரவில்லையென்று சொன்னால் அது பொய். பாவம் ஒரு தள்ளுவண்டிக்காரன் தலையில் விழுந்துவிட்டுப் போகட்டும், அவன் என்ன கேட்கவா போகிறான்? அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அழுது அழுது நந்தகுமாருக்குத் தொண்டை அடைத்து இருமல் வந்தது. சித்ரா என்ன இருந்தாலும் மாமியார், மனசு கேட்கவில்லை. பெஞ்சுக்கடியிலிருந்து ஐந்து லிட்டர் கேனை இழுத்தாள். டாக்டரம்மா சொன்னது அவள் காதிலேயே ஏறவில்லை. மகளுக்கு ஆஸ்பத்திரித் தண்ணீர் பிடிக்காது என்று வீட்டிலிருந்து பிடித்து வந்த கேன் அது. டம்ளரில் ஊற்றி நீட்டினாள். "குடிங்க மாப்ள. நம்மூட்டுத் தண்ணிதான்."

நந்தகுமார் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான்.

சின்னுசாமி பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். டம்ளர் உருண்டு எதிர்ச் சுவரில் போய் முட்டியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதைக் குடிக்காதீங்க மாப்ள" என்றார். "பாத்ரூம் பைப்ப நான் பழைய போருக்குள்ள உட்டிருக்கறேன். ரெண்டு போருக்கும் கீழ வழி இருக்குது. பானிபூரியில்ல. நாந்தான்."

நந்தகுமார் ஈரச் சட்டையோடு அவரையே பார்த்தான். "வழி இருக்குதுன்னு முன்னாடியே தெரியுமுங்களா மாமா?"

"தெரியும்."

அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் சின்னுசாமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சித்ராவாவது திட்டுவாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று பார்த்தார். அவள் அழவில்லை. கேனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திடீரென்று எழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

வார்டிலிருந்து தனப்பிரியாவைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் கதவை அரையாகத் திறந்து, "என்னம்மா?" என்றாள்.

"அம்மிணி, வார்டுல என்ற புள்ள கட்டல்கிட்ட ஒரு பாட்டில்ல தண்ணி வெச்சிருந்தேன். அதை எடுத்துக் கொட்டிருங்க சாமி. அவளுக்குக் குடுத்தராதீங்க."

"அந்தப் பாட்டிலாம்மா?" என்றாள் நர்ஸ். "அது காலையிலயே காலியாயிருச்சுங்க. ஊட்டுத் தண்ணி, அப்பா போட்ட போர்த் தண்ணின்னு கேட்டுக் கேட்டுக் குடிச்சாங்க."