மவுஸ்லேருந்து கைய எடுங்க

விடிவதற்கு முன்பே எங்கள் காதுகள் கொதிக்க ஆரம்பித்துவிடும். திண்டிவனத்தில் ஒரு இரும்புக் கடையின் மாடி, ஜன்னல் திறக்காத அறை. ஹெட்போன் அழுத்திப் புண்ணான தோலின் மேலேயே மறுபடியும் ஹெட்போன். கறவை முடிந்து பால் வந்து சேரும் நேரம் பார்த்துத்தான் ஊர் ஊராகப் பால் டிப்போ கம்ப்யூட்டர்கள் முரண்டு பிடிக்கும். இங்கிருந்தபடியே அவற்றுக்குள் நுழைந்து சரிசெய்வது எங்கள் எட்டுப் பேரின் பிழைப்பு.

டிப்போக்காரர்களிடம் வாயைத் திறந்ததும் முதலில் சொல்வது ஒன்றுதான். "மவுஸ்லேருந்து கைய எடுங்க." அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை என்று இழுத்தால் அம்புக்குறி நடுவில் கிடந்து துடிக்குமே தவிர எங்கும் போகாது. இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

அன்று பக்கத்து சீட் சகாயசெல்வி பனமலை டிப்போவுக்குள் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவ லீவு கேட்டு முந்தின நாள்தான் எழுதிப் போட்டிருந்தாள். சென்னையில் உட்கார்ந்து எங்கள் திரைகளை மேய்கிற முதலாளி சீனுவாசன் பதிலே சொல்லவில்லை.

பதில் இப்போது வந்தது. அவள் அசைக்காமலே அம்புக்குறி நகர்ந்தது. பனமலை மூடிக்கொண்டது. வேலை விலகல் படிவம் திறந்து, அவள் பெயரும் 'சொந்தக் காரணம்' என்ற சொற்களும் எழுத்தெழுத்தாக விழுந்தன. அனுப்பும் பொத்தானை அமுக்குவதுதான் பாக்கி. படிவம் அவள் மெஷினிலிருந்து போய்விட்டால் அவளாகவே விலகியதாக ஆகிவிடும்.

அவள் மவுஸைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தாள்.

ஸ்பீக்கரில் சீனுவாசன் அலறினார். "ஏம்மா, கைய எடு!"

"நான் எழுதலையே சார் அத."

"கொழந்த பொறந்தப்புறம் வா, பாத்துக்கலாம். எதுக்கு பேஜாரு பண்ற? மெஷின் என்னுது."

"மெஷின் உங்களுது சார். பேரு என்னுது."

எதிர் சீட் திருமுருகன் அவள் மெஷினின் ஒயரைப் பிடுங்கக் குனிந்தான். நான் தடுத்தேன். "வாணாம்டா. மாரியப்பண்ணன் அப்டிதான் புடுங்கினாரு. மெஷின ஒடச்சிட்டாருன்னு அன்னிக்கே வெளிய தொரத்திட்டாங்க."

அந்த நேரம் பனமலை டிப்போவைப் பார்த்துக்கொள்ளும் தையல்நாயகியம்மாவின் அழைப்பு. "யம்மா, கேனெல்லாம் வரிசையா நிக்குது. வெயில் ஏறினா பால் திரிஞ்சிடும். ஜல்தி பாரும்மா." டிப்போக்காரர்கள் மேல் எங்களுக்கென்ன கோபம்? நானே உள்ளே போய்ச் சரிசெய்து கொடுத்தேன். மற்றவர்களும் கையிலிருந்த டிப்போக்களை முடித்தார்கள். இனி வருவதெல்லாம் அவசரமில்லாத சூப்பர் மார்க்கெட் அழைப்புகள். அடித்துக்கொண்டே கிடக்கட்டும்.

சகாயசெல்வி மணிக்கட்டு வலிக்க வலிக்க இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். அம்புக்குறி பொத்தானுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. எழுந்துபோய் அவள் கைமேல் என் கையை வைத்தேன்.

"உட்டுரு செல்வி. நான் புடிச்சிக்கினு நிக்கிறேன்."

பயந்து பயந்துதான் கையை உருவினாள்.

"கலைமதி! சீட்டுக்குப் போ! ஒனக்கும் இதே படிவந்தான்!"

"எட்டு பேருக்கும் போடுங்க சார். ஒரே ஆளா எத்தினி மவுஸ இழுப்பீங்க?"

சொன்னதைச் செய்தார். ஆளில்லாத என் மெஷினில் படிவம் திறந்தது. என் பெயர் விழுந்தது. வீட்டில் என் ஒருத்தி சம்பளம்தான். இந்த மவுஸை விட்டால் இவள் போவாள், விடாவிட்டால் நான் போவேன்.

சகாயசெல்வி வயிற்றைப் பிடித்தபடி எழுந்தாள். என் நாற்காலியில் போய் உட்கார்ந்து, வலித்த கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் என் மவுஸைப் பிடித்தாள்.

திருமுருகன் தன் மவுஸைப் பிடித்தான். கிருஷ்ணவேணி பிடித்தாள். வரிசை முழுக்கப் பிடித்தது. அழைப்புகள் அடித்துக்கொண்டே இருந்தன.

நாங்கள் தினமும் ஊருக்கெல்லாம் சொல்வதை அன்று ஸ்பீக்கர் எங்களுக்குச் சொன்னது. "மவுஸ்லேருந்து கைய எடுங்க! எல்லாரும் கைய எடுங்க!"

ஒருவரும் எடுக்கவில்லை.