ஊதாச் சரிவில் ஓரிடம்

பனி உருகிய நீர் பாறையிடுக்குகளில் முணுமுணுத்து இறங்க, கரிய சதுப்பு காலடிதோறும் நெகிழ, ஸ்காட்லாந்தின் வடமலைகள் நனைந்த கரடியின் முதுகெனப் பழுப்பேறிக் கிடந்த இளவேனிற் பிற்பகல் அது. ஆவணித் திங்களில் மலை முழுவதையும் ஊதாக் கடலாக்கும் ஹெதர்ப் புதர்கள், அப்பொழுது பூவுமின்றிப் பொலிவுமின்றி, முழங்கால் உயரத்திற்கு வெறும் விறகாய் முதிர்ந்து நின்றன. அவை அடர்ந்த ஒரு சரிவையே தன் வீட்டுச் சாளரத்தின்வழி இமையாது நோக்கியிருந்தாள் இஷ்பெல். கற்றறிந்த பெருமக்களே, அந்நோக்கின் பொருளை என்னென்று உரைப்பேன்! தைத் திங்களின் பனிப்புயலில் வழிதவறிய அவளுடைய ஒரே மகள் மார்சலி, பத்தொன்பது அகவையே நிரம்பியவள், அப்புதர்களின் நடுவேதான் துயில்பவள்போல் ஒருக்களித்து உயிரற்றுக் கிடந்தாள்.

இஷ்பெலின் கணவன் டோர்கில் அம்மலையின் காவலன். காட்டுக்கோழிகள் இளந்தளிர் மேய்வதற்காக, முதிர்ந்த புதர்களை ஆண்டுதோறும் பகுதி பகுதியாய் எரிப்பது அவன் கடமை. இவ்வாண்டு அச்சரிவின் முறை என்று மலைக்குரியவரிடமிருந்து ஆணை வந்திருந்தது.

“அந்தச் சரிவ மட்டும் விட்டுடு டோர்கில். அவ கடைசியா தல சாய்ச்ச இடம்.”

“பதினஞ்சு வருசப் புதர் இஷ்பெல். கட்டையாப் போச்சு. எரிச்சாத்தான் அடியிலேருந்து துளிர்க்கும்.”

“துளிர்க்கப் போறது புதர்தானே? எம் பொண்ணா?”

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு மலையேறிய இஷ்பெல், மகள் கிடந்த இடத்துப் புதர் ஒன்றை வேரோடு பெயர்த்து, மார்போடு அணைத்து வந்து, தோட்டத்தில் கீரைப்பாத்தியின் ஓரம் நட்டாள். அன்று மாலை சரிவு எரிந்தது. புகை அடங்கும்வரை அவள் கதவைத் திறக்கவில்லை.

நாள்தோறும் நீர் வார்த்தும், காற்றுக்குத் தட்டி கட்டியும் அவள் பேணிய அச்செடி, கோடை நடுவில் நுனி மஞ்சளித்தது. கண்டும் காணாதவன்போல் நடமாடிய டோர்கில் ஒருநாள் வாய்திறந்தான்.

“நா வருசா வருசம் சுண்ணாம்பு போட்ட மண்ணு அது. கீரைக்கு நல்லது, இதுக்கு நஞ்சு. புளிச்ச மலைமண்ணுலதான் இது பொழைக்கும். நட்ட அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா வாயத் தொறக்காம இருந்த?”

“மூணு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் நீ வாசலத் தாண்டின. கையெல்லாம் மண்ணா நின்ன. எப்படிச் சொல்றது?”

நீர்க்கலத்தை அவன் காலடியில் வீசிவிட்டு உள்ளே போனாள் இஷ்பெல். மூன்று நாள்கள் அவன் மலைமண்ணைக் கூடை கூடையாய் முதுகில் சுமந்திறக்கினான். நான்காம் நாள் அவளும் வந்து, அம்மண்ணை இட்டுச் செடியை மாற்றி நடக் குழி தோண்டினாள். ஆயினும் கார்காலத்திற்குள் செடி பட்டுப்போயிற்று. அவளே பிடுங்கினாள். அதன்பின் இருவரும் நெடுநாள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாண்டுகள் கழிந்த ஓர் ஆவணியில், தேனீக்களின் முரற்சி இறங்கிவந்து சாளரத்தைத் தட்ட, அவள் தானாகவே மலைக்குப் புறப்பட மேலாடையை எடுத்துக்கொண்டாள். இருவரும் ஏறினர். எரிந்த சரிவெங்கும் புதுத்தண்டுகள் எழுந்து, இடைவெளியின்றி ஊதாவாய்ப் பூத்துக் கிடந்தன.

“இங்கதானே?”

“இன்னும் மேல... இல்ல, அந்தப் பக்கம். தெரியல இஷ்பெல்.”

“நீதானே அவளத் தூக்கிட்டு வந்த! ஒனக்கே தெரியலயா?”

டோர்கில் பூக்களின் நடுவே அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். மகளைச் சுமந்திறங்கிய நாளிலும் அழாத அம்மனிதன், தோள் குலுங்க அழுதான். இஷ்பெல் அவனருகில் அமர்ந்தாள்.

“விடு. இங்கயே உக்காருவோம். எல்லாம் அவ இடந்தான்.”

மலை எவர் துயருக்கும் அடையாளம் வைப்பதில்லை. எரிந்த மண்ணை மூடிப் பூப்பது அதன் இயல்பு. அம்மூடலில் ஆறுதலும் உண்டு, இரண்டாம் இழப்பும் உண்டு. அவ்விரண்டையும் ஒருசேர ஏற்று, பொழுது சாயுமளவும் அவ்விருவரும் அங்கேயே இருந்தனர்.