கை இழுக்கிற பக்கம்

…இல்லை, இப்போது வலப்பக்கம் இழுக்கிறது, சந்தேகமே இல்லை, கையில் தெரிகிறதே, இரண்டு வருஷமாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த காரைக் காலையிலிருந்து கழற்றி மாட்டி, கடைசியில் இப்படித் திருப்பி வைத்துவிட்டாரே மனுஷன் என்று நினைத்தபோது எனக்குக் கோபமே வரவில்லை, வெட்கத்தை விட்டுச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்து சீட்டில் மெக்கானிக் பரசுராமன் கிரீஸ் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முசரவாக்கத்துப் பக்கம் நேர் ரோடு, ஞாயிற்றுக்கிழமை, வயல் மேல் பனி இப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது, எதிரே வருகிற லாரிகூடத் தூக்கத்தில் வருவதுபோல் வந்தது. வண்டி சரியாகவில்லை என்றால் சாவி என் பையிலேயே இருக்கும், சாவி என்னிடம் இருந்தால் என் வீட்டுக்காரர் யேசுதாஸ் இன்றைக்கு மத்தியானம் தாமல் ஏரிக்குப் போக மாட்டார்… எனக்கு வேண்டியது அவ்வளவுதானே?

ஏரி ரொம்பியிருக்குதாம் நதியா, வண்டிய எடுத்துட்டு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன், தனியா. அப்படித்தான் போன ஞாயிறு அவர் கேட்டார், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, உப்பு கேட்பதுபோல. எனக்கு ஏரி காதில் விழவில்லை, தனியா என்பது மட்டும் விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் டிபன் பாக்ஸோடு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினவர் பதினோரு நாள் வீட்டுக்கு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அதே சட்டையோடு வந்து நின்றார், டிபன் பாக்ஸ் கழுவியிருந்தது. எங்கே போனீர்கள் என்றால், பஸ் ஏறினேன், எறங்கத் தோணல, எனக்கே தெர்லமா என்றார். குடி என்றால் சண்டை போட்டிருப்பேன், இன்னொருத்தி என்றால் தலைமுடியைப் பிடித்திருப்பேன், இறங்கத் தோன்றவில்லை என்கிறவரை என்ன செய்வது? டாக்டர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், போன ஐப்பசியில் நல்லா இருக்கிறார் என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. இந்தப் பழைய காரை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, காலையில் கம்பெனி பஸ் வரை கொண்டு விடுகிறேன், சாயங்காலம் போய் நிற்கிறேன், குளியலறையில் கொஞ்சம் நேரமானால் சோப்பு இருக்குதா என்று குரல் கொடுக்கிறேன். சூடு கண்ட பூனை… அன்றைக்கு அவரிடம், வண்டி லெஃப்ட்ல இழுக்குது, உங்களுக்கு இந்த வண்டி பழக்கமில்லை, சரி பண்ணிட்டுத் தரேன் என்றேன். சரிமா என்றார். அந்தச் சரிமாவில் கோபம் இருந்ததா என்று ஒரு வாரமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

பரசுராமன் இன்று காலை முன்பக்கத்தை ஓர் அழுத்து அழுத்தி விட்டுப் பார்த்தார், வண்டி ஒரு தடவை எழும்பி அடங்கியது, ஷாக் அப்சார்பர் நல்லா இருக்குது என்றார். டயரின் உட்புறத்தைத் தடவச் சொன்னார், ஒரு ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. பள்ளத்தில் இறங்கினால் கடக் என்று கேட்குமா, கேட்கும். எத்தினி நாளா, வாங்கின நாள்லேருந்து. அப்போ எப்படி ஓட்டினே என்றார், பிடித்து ஓட்டினேன் என்றேன். அவர் சிரித்தார், சிரிக்க என்ன இருக்கிறது? சேஸிஸே கோணிவிட்டது, இனி தேறாது என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன், அவரோ சக்கரத்தடியில் தேய்ந்துபோயிருந்த ரப்பர் புஷ் இரண்டைக் கழற்றி என் முன்னால் போட்டார், இவ்ளோதான்மா, புதுசு மாட்டினா நேராப் போவும் என்று. அந்தச் சின்ன ரப்பரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"இப்போ ரைட்ல இழுக்குதுண்ணா" என்றேன், குரலில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு.

"முன்னாடி பின்னாடி யாரும் இல்ல. ஸ்லோ பண்ணிட்டு கைய விடுமா" என்றார்.

விடுவதா? விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. தொடுவதும் தொடாததுமாக இரண்டு கையும் நின்றன, வண்டி தன்பாட்டுக்குப் போனது, நேராக, யாரும் சொல்லாமல்.

"வண்டி நேராத்தான் போவுது. உன் கைதான் இழுக்குது. இத்தினி நாளா ரைட்ல புடிச்சிப் புடிச்சி ஓட்டிக்கினு இருந்தே இல்ல, கை இன்னும் மறக்கல."

கொஞ்ச தூரம் போனதும் கார் மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கியது, பாருங்க பாருங்க என்று பாய்ந்து பிடித்தேன். அவர் அசையவில்லை. மழைத் தண்ணி வடிய ரோட்டையே சாய்த்துத்தான் போட்டிருக்கிறான், இந்த அளவுக்கு எந்த வண்டியும் சாயும், அது ரிப்பேர் இல்லை என்றார். நான் வேலை செய்கிற பட்டுக்கடையில் சேலை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன், மடிப்பை மாத்தி மாத்தி வைங்கக்கா, ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேயே இற்றுவிடும் என்று. வாயால் சொல்வதுதானே… இரண்டு வருஷமாக யேசுதாஸ் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தாரா, நான் பிடித்ததால் போனாரா, கையை விடாத எனக்கு எப்படித் தெரியும்? தனியா என்றபோது என்னை விட்டுப் போகிறார் என்றுதான் என் காதில் விழுந்தது. என் கையை விடச் சொல்லித்தான் கேட்டாரோ?

பரசுராமனை ஷெட்டில் இறக்கிவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குத் திரும்பும்போதே தெரிந்தது, யேசுதாஸ் தலை வாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றார். சரியாப் போச்சா என்றார். இன்னொரு வாட்டி கொண்டுவரச் சொன்னார் என்று நாக்கு நுனியில் பொய் தயாராக இருந்தது.

"நேராப் போவுது" என்றேன். "லேசா லெஃப்ட்ல சாயும். அது ரிப்பேர் இல்லியாம்."

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குள் வந்து கை கழுவினேன். கார் கதவு சாத்துகிற சத்தம், ஸ்டார்ட் ஆகிற சத்தம், தெருமுனையில் ஹாரன், அப்புறம் அடுத்த வீட்டு மிக்ஸிதான் கேட்டது. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்கவில்லையே… குழாயை எப்போதோ மூடியிருக்கிறேன், கை மட்டும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, வலப்பக்கமாகத் திருகியபடி.