ஒன்பதாம் தலைமுறை அம்மாளின் கழுத்து

எங்கள் நாட்டில் ஒலிம்பிக் நடந்ததற்கு முந்தைய வருடம். ஆண்டோங் ஊருக்கு அருகே நெடுஞ்சாலைக்காக ஒரு குன்றை வெட்டினார்கள். கல்லறைகளை இடம் மாற்றும்போது எலும்புகளைப் பார்த்துக் குறிப்பெழுதப் பல்கலைக்கழகம் என்னை அனுப்பியது. என் மனைவியைப் புதைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

அங்கிருந்த ஒரு கல்லறை மேட்டுக்குள் இருப்பவர் ஒன்பதாம் தலைமுறை முன்னோரின் மனைவி என்றது, அதற்கு உரிமையுள்ள குலத்தின் வம்சாவளி ஏடு. சுண்ணாம்புக் காரைக்குள் எலும்புகள் கெடாமல் இருந்தன. வெள்ளைத்தாளில் தலை முதல் கால் வரை அடுக்கினோம். எங்கள் அம்மாள் எப்படி இருக்கிறார் என்று எலும்புகளைக் காட்டிக் குலப் பெரியவர் தல்சு கேட்டார்.

பார்த்ததைச் சொன்னேன். கழுத்து முள்ளெலும்புகள் தட்டையாகியிருக்கின்றன. சிறு வயதிலிருந்தே தலையில் பாரம் சுமந்திருக்கிறார். கால் பெருவிரல் எலும்பின் மேல்பக்கம் தேய்ந்திருக்கிறது; மண்டியிட்டே காலம் போயிருக்கிறது. மேற்கை எலும்பில், உலக்கையால் குத்திக் குத்தி ஏறிய மேடு.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அரசவை அதிகாரி வீட்டுப் பெண் தண்ணீர்க் குடம் சுமப்பாளா என்றார் தல்சு. முந்நூறு வருடம் ஓர் அடிமைக்குப் படையல் வைத்திருக்கிறோம் என்று இன்னொருவர் காறித் துப்பினார். அவர் குலத்தவர் இல்லையென்று முடிவானால் கேட்பாரற்ற எலும்புகளோடு மாலையே எரித்துவிடுவார்கள். சாம்பலுக்குக் குழிகூடக் கிடையாது.

அப்போதுதான் மூத்த வீட்டு மருமகள் ஒக்புன், எங்கள் சாப்பாட்டைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தலையில் வைத்துக் குன்றேறி வந்தார். அறுபதை நெருங்குபவர். அந்தக் கல்லறைக்கு முப்பத்தெட்டு வருடம் படையல் சமைத்தவர். விஷயத்தைக் கேட்டதும் பாரத்தை இறக்காமலே தல்சுவின் முன் நின்றார்.

"சின்ன மாமா, இவங்கள எரிச்சிடாதீங்க. நாளைக்கு என் கழுத்தும் இப்படித்தான் இருக்கும்."

"அதுக்கென்னம்மா, உன்னையும் எரிச்சிட்டாப் போச்சு. சாம்பல்ல கழுத்து ஏது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய கணவரும்தான்.

ஒக்புன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவரு. பெரிய வீட்டுப் பொம்பளையாவும் இருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

இருக்கலாம். பெரிய வீடுகளிலும் பெண்கள் குத்தினார்கள், சுமந்தார்கள். எனக்குத் தெரியும். சொன்னால் மாலைவரை வாதாட வேண்டும். ஏழு வாரமாக நான் யாரோடும் வாதாடவில்லை.

"எலும்ப வச்சு அதெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

"கேட்டியா?" என்றார் தல்சு.

இரண்டு ஆட்கள் தாளை நான்கு முனையிலும் பிடித்துத் தூக்கி, எலும்புகளைச் சாக்கில் சரித்தார்கள். பாதிச் சாக்குகூட நிரம்பவில்லை. படிவத்தில் உரிமை கோருபவர் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பிறகு ஒக்புன் பரிமாறினார். ஆண்கள் எல்லோருக்கும் சூப் ஊற்றினார். என் கிண்ணத்தைத் தாண்டிப் போனார்.

நானே ஊற்றிக்கொண்டேன்.