முக்காலை எட்டில் ஒன்றால் வகுத்தால்

கணக்கு டீச்சர் கணக்கில் தப்புப் பண்ணுவாளா என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள். பண்ணினாள். அதுவும் ஆறாம் வகுப்புக் கணக்கில்.

அவளுடைய அக்கா நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தபோது கட்டிலருகே ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றது. அதை மாட்டிவிட்டவர், அரை மணிக்கு எட்டில் ஒரு பங்கு செலவாகும் என்று சொல்லிப் போனார். ஒருநாள் சிலிண்டர் மீட்டரின் முள் முக்காலில் இருந்தது. டீச்சருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மனதுக்குள்ளேயே வகுத்தாள், ஆறு வந்தது. அத்தான் வேலைக்குப் போயிருந்தார். ஆறு மணி நேரம் தாங்கும், அதற்குள் வந்துவிடுவேன் என்று அக்கா மகளிடம் சொல்லிவிட்டு, பரீட்சைத் தாள்களைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனாள். நாலு மணி நேரத்தில் திரும்பியும் விட்டாள். அக்காதான் இல்லை.

ஒரு வாரம் கழித்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. வந்தது ஆறு மணி அல்ல, ஆறு அரை மணி. மூன்றே மணி நேரம்!

நுரையீரல் முன்பே போய்விட்டது என்றார் டாக்டர். நீ பார்த்துக்கொண்டதால்தான் இத்தனை நாள் இருந்தாள் என்று அழுதார் அத்தான். அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்து எட்டு மாதம் ஆயிற்று. ஆனாலும் அந்த அறைக்குள் போனால் 'உஸ்ஸ்' என்று கேட்கிறது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தாள். ஊஹூம். சத்தம் கட்டிலின் தலைமாட்டிலிருந்துதான் வந்தது.

இப்படி இருக்கிறவள் சும்மா இருந்திருக்கலாம். பின்ன வகுத்தலில் ஆளுக்கொரு கணக்கு நீங்களே எழுதி வாருங்கள் என்று வகுப்பில் சொல்லிவைத்தாள். அக்கா மகளும் அதே வகுப்புதான். சாயங்காலம் அந்த அறையில் வைத்தே நோட்டை நீட்டினாள்.

'ஒரு சிலிண்டரில் முக்கால் பங்கு காற்று உள்ளது. அரை மணிக்கு எட்டில் ஒரு பங்கு செலவானால், எவ்வளவு நேரம் வரும்?' கீழே விடை: ஆறு அரை மணி, அதாவது மூன்று மணி நேரம்.

சிவப்புப் பேனாவைத் திறந்தாள். எப்படியோ 'சரி' போட்டாள். பெண் நோட்டை வாங்கவில்லை.

"அன்னைக்கு மூணு மணி நேரத்துலயே சிலிண்டர் சத்தம் நின்னுடுச்சு சித்தி. நீங்க ஆறுன்னு சொன்னீங்களேன்னு நான் யாரையும் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?"

டீச்சர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தான் வாயை மூடிக்கொண்டிருந்த எட்டு மாதமும் இந்தப் பிள்ளையல்லவா அதைச் சுமந்திருக்கிறது! அதே பக்கத்தில் 'விடை: ஆறு மணி நேரம்' என்று எழுதி, மேலே சிவப்பில் பெரிதாகக் குறுக்கே அடித்தாள். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அத்தான், கொஞ்சம் இங்க வாங்க."

ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தவரிடம் நோட்டைக் கொடுத்தாள்.

"இந்த அடிச்ச கணக்கு நான் போட்டது. அக்கா போன அன்னைக்குப் போட்டது. தப்பு என்னோடது, இவளோடது இல்ல."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். தலைமாட்டில் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பெண் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.